கிளையோபிளாஸ்டோமாவில் சைட்டோமெகலோவைரஸ்: நோயை உண்டாக்கியதா, நோய்க்குள் குடிவந்ததா?

வேர்க்கால் எழுதியது:

மூளையில் தோன்றும் புற்றுநோய்களில் மிகக் கொடியதான கிளையோபிளாஸ்டோமாவுக்கும், நம்மில் பெரும்பாலோர் சிறு வயதிலேயே பெற்று ஆயுள் முழுவதும் உடலில் சுமக்கும் சைட்டோமெகலோவைரஸுக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் தீராமல் இருக்கிறது. இதைப் பற்றித் தமிழில் விரிவாகப் பேசிய இழை எதுவும் என் கண்ணில் படாததால் இதைத் தொடங்குகிறேன். (கீழே சி.எம்.வி. என்றே சுருக்கி எழுதுகிறேன்.)

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பர்மிங்காம் நகரில் பணியாற்றிய நரம்பியல் அறுவை மருத்துவர் சார்லஸ் காப்ஸும் அவருடைய குழுவினரும் 2002-ஆம் ஆண்டு ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார்கள். அறுவையில் எடுக்கப்பட்ட கிளையோமா (கிளையோபிளாஸ்டோமாவும் அடங்கிய மூளைக்கட்டி வகை) திசுக்களில் மிகப் பெரும்பாலானவற்றில் சி.எம்.வி.யின் புரதங்களும் மரபுப்பொருளும் காணப்படுகின்றன என்றும், கட்டியற்ற மூளைத் திசுக்களில் அவை காணப்படவில்லை என்றும் அதில் அறிவித்தார்கள். 2008-இல் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டுவேன் மிட்செல் குழுவினர், பிபி65 என்னும் வைரஸ் புரதத்தைப் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட கட்டிகளில் கண்டதாகவும், புதிதாக நோய் கண்டறியப்பட்டவர்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினரின் இரத்தத்தில் வைரஸின் டி.என்.ஏ. இருந்ததாகவும் எழுதினார்கள். சுவீடனின் கரோலின்ஸ்கா ஆய்வு நிறுவனத்தில் செசிலியா சோடர்பெர்க்-நாக்ளேர் குழுவினரும் இதே திசையில் தொடர்ந்து எழுதி வந்தார்கள்.

இன்னொரு பக்கம், கட்டிகளின் மரபுத்தொகுதியை முழுவதுமாக வரிசைப்படுத்தித் தேடியவர்கள் வைரஸைக் காணவே இல்லை. இரு தரப்பும் தேர்ந்த ஆய்வகங்களைச் சேர்ந்தவை. தேடியது ஒரே நோயின் திசுவில். எனக்குப் புரியாமல் இருப்பது இந்த முரண்தான். நோயியல், வைரஸியல், புள்ளியியல் அறிந்த நண்பர்கள் எழுதினால் பயன் உண்டு.

திசுக்கண்ணாடி எழுதியது:

நான் நோயியல் துறையில் இருப்பவன். திசுக்களுக்குச் சாயமேற்றி முடிவு எழுதுவதே அன்றாட வேலை. எனவே நண்பர் சுட்டிய முரணை அந்த மேசையில் அமர்ந்தே பார்க்கிறேன்.

காப்ஸ் குழுவினர் பயன்படுத்தியது ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்புரதங்களைக் கொண்டு சாயமேற்றும் முறை. தேடும் வைரஸ் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும் ஓர் எதிர்ப்புரதத்தைத் திசுவின் மேல் இட்டு, அது ஒட்டிய இடத்தைப் பழுப்பு நிறமாகக் காட்டுவார்கள். எய்ட்ஸ் நோயாளியின் நுரையீரலிலோ, சிறுநீரக மாற்று செய்துகொண்டவரின் குடலிலோ சி.எம்.வி. தீவிரமாகப் பெருகியிருந்தால் இந்தச் சாயமே தேவையில்லை. உயிரணு பருத்து, அதன் கருவுக்குள் ஆந்தைக் கண் போன்ற உருவம் தெரிவதைப் பயிற்சி மாணவர்கூடச் சொல்லிவிடுவார். கிளையோபிளாஸ்டோமாவில் அந்த ஆந்தைக் கண் தெரிவதில்லை. மிக மிகக் குறைந்த அளவில் இருக்கும் புரதத்தைப் பிடிக்க வேண்டும் என்பதால், வழக்கமான முறையைவிட உணர்திறனைக் கூட்டிய படிகளை அவர்கள் வகுத்துக்கொண்டார்கள். உணர்திறனைக் கூட்டக் கூட, ஒட்டக்கூடாத இடத்தில் எதிர்ப்புரதம் ஒட்டும் வாய்ப்பும் கூடும். அழுகலும் இரத்தக்கசிவும் நிறைந்த கிளையோபிளாஸ்டோமாத் திசு இந்த வகையில் மிகவும் தொல்லை தரக்கூடியது. அவர்களுடைய முறையை அப்படியே பின்பற்றிய சிலருக்கு நேர்மறை முடிவு கிடைத்தது, வேறு சிலருக்குக் கிடைக்கவில்லை. என்னளவில், ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறும் முடிவைத் துறை ஏற்றுக்கொண்ட முடிவு என்று எழுத மாட்டேன்.

டி.என்.ஏ.வைத் தேடும் பி.சி.ஆர். முறையிலும் ஒரு பொறி உண்டு. சி.எம்.வி.யின் முதல் கட்ட மரபணுக்களை இயக்கும் ஊக்கித்துண்டு மிக வலுவானது என்பதால், உலகெங்கும் உயிரியல் ஆய்வகங்கள் அதைப் பிளாஸ்மிடு எனப்படும் சிறு டி.என்.ஏ. வளையங்களில் வைத்துப் பல பத்தாண்டுகளாகப் பயன்படுத்துகின்றன. அந்தத் துண்டின் துகள் மேசையிலோ குழாயிலோ இருந்துவிட்டால், நோயாளியின் மூளையில் இல்லாத வைரஸ் முடிவுத்தாளில் தோன்றிவிடும்.

வரிசைப்படுத்திய ஆய்வுகளின் நிலை வேறு. 2013-இல் சுவீடனைச் சேர்ந்த இன்னொரு குழு, 19 வகைப் புற்றுநோய்களைச் சேர்ந்த 4,433 கட்டிகளின் ஆர்.என்.ஏ. தரவுகளில் வைரஸ்களைத் தேடியது. கருப்பைவாய்ப் புற்றில் மனிதப் பாப்பிலோமா வைரஸும், கல்லீரல் புற்றில் ஹெபடைட்டிஸ் பி வைரஸும் தெளிவாகக் கிடைத்தன. வலை சரியாக வேலை செய்தது என்பதற்கு அதுவே சான்று. அதே வலையில் கிளையோபிளாஸ்டோமாவிலிருந்து சி.எம்.வி. சிக்கவில்லை. "அளவு மிகக் குறைவாக இருப்பதால் சிக்கவில்லை" என்று எதிர்த்தரப்பு விடை சொல்லும். அப்படியானால், கட்டியின் ஒவ்வோர் உயிரணுவிலும் இல்லாத வைரஸ் அந்தக் கட்டியை எவ்வாறு இயக்குகிறது என்பதை விளக்கும் பொறுப்பு அவர்களுடையதாகிவிடுகிறது.

கடலோடி எழுதியது:

திசுக்கண்ணாடி ஐயாவின் விளக்கத்தை மதிக்கிறேன். ஆனாலும் "ஒவ்வோர் உயிரணுவிலும் இருந்தாக வேண்டும்" என்ற நிபந்தனை எனக்குச் சற்று இறுக்கமாகத் தோன்றுகிறது. வைரஸ் வந்து, மரபணுக்களைக் குலைத்துவிட்டு, பிறகு மறைந்துவிடலாம் அல்லவா? மாடுகளில் இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. ஸ்காட்லாந்தில் பெரணிச் செடியைத் தின்ற மாடுகளின் உணவுப்பாதையில் பாப்பிலோமா வைரஸால் மருக்கள் தோன்றிப் பின்னர் புற்றாக மாறின. முற்றிய புற்றில் அந்த வைரஸின் டி.என்.ஏ. கிடைக்கவில்லை. மேலும் சி.எம்.வி.யின் முதல் கட்டப் புரதங்கள் உயிரணுவில் திடீர் மாற்றங்களை உண்டாக்க உதவக்கூடும் என்று 1997-லேயே சோதனைக்குழாயில் காட்டியிருக்கிறார்கள்.

கருப்பைவாய்ப் புற்று வைரஸால் வருகிறது என்று ஹரால்டு சூர் ஹவுசன் சொன்னபோதும் துறை அவரை நம்பவில்லை. 2008-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று எள்ளப்படும் கருத்து நாளை பாடநூலில் இடம்பெறலாம்.

வேர்க்கால் எழுதியது:

கடலோடி அவர்களுக்கு: சூர் ஹவுசனின் கதையை முழுவதுமாகச் சொன்னால் அது உங்கள் வாதத்துக்கு எதிராகவே திரும்பும். 1960-களின் இறுதியிலும் 1970-களிலும் கருப்பைவாய்ப் புற்றுக்குக் காரணம் என்று பலரும் ஐயுற்றது இரண்டாம் வகை ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸை, அதுவும் சி.எம்.வி.யின் குடும்பமே. நோயாளிகளின் இரத்தத்தில் அந்த வைரஸுக்கான எதிர்ப்புரதம் மிகுதியாக இருந்ததே அன்றைய முதன்மைச் சான்று. சூர் ஹவுசன் கட்டிகளில் ஹெர்பிஸ் டி.என்.ஏ.வைத் தேடினார், கிடைக்கவில்லை. அந்த "இல்லை" என்ற முடிவை அவர் பொருட்படுத்தியதால்தான் பாப்பிலோமாவின் பக்கம் திரும்பினார். 1983-இல் 16-ஆம் வகையும், அடுத்த ஆண்டு 18-ஆம் வகையும் அவருடைய ஆய்வகத்தில் வெளிப்பட்டன. நம்பப்படாத கருத்தில் பிடிவாதமாக இருந்தார் என்பது மட்டும் அவருடைய சிறப்பு அன்று. எல்லோரும் நம்பிய கருத்தை எதிர்மறை முடிவைக் கொண்டு கைவிட்டார் என்பதும் சேர்ந்ததே.

இன்னொன்றும் உண்டு. 1951-இல் இறந்துபோன ஹென்றியேட்டா லாக்ஸின் கட்டியிலிருந்து எடுத்து வளர்க்கப்படும் ஹீலா உயிரணுக்கள், இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் 18-ஆம் வகையின் இரண்டு மரபணுக்களை நம்பியே வாழ்கின்றன. அவற்றை அடக்கினால் வளர்ச்சி நின்றுவிடுகிறது. புற்றை உண்டாக்கும் மனித வைரஸ்கள் பொதுவாக இப்படித்தான் கட்டியின் உயிரணுக்களிலேயே தங்கிவிடுகின்றன. வந்து மறைந்துபோகும் வைரஸ் என்ற கருதுகோள் மாட்டில் பொருந்தலாம். ஆனால் கிடைத்தாலும் சான்று, கிடைக்காவிட்டாலும் சான்று என்று ஆகிவிட்டால் அதைச் சோதித்துப் பார்க்க வழியே இல்லாமல் போகும்.

பொருநை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவள் அல்லள். என் பெரியண்ணனுக்கு இந்த ஆண்டு கிளையோபிளாஸ்டோமா என்று தெரியவந்து, அறுவை முடிந்து, இப்போது கதிர்சிகிச்சையும் டெமோசோலமைடு மாத்திரையும் நடந்துகொண்டிருக்கின்றன. மதினி இணையத்தில் தேடியபோது, வால்கேன்சைக்ளோவிர் என்னும் வைரஸ் எதிர்ப்பு மாத்திரையை எடுத்துக்கொண்டவர்களில் 90 விழுக்காட்டினர் இரண்டு ஆண்டுகள் உயிரோடு இருந்தார்கள் என்று படித்திருக்கிறார். வெளி ஆய்வகம் ஒன்றில் அண்ணனின் இரத்தத்தைக் கொடுத்துப் பார்த்ததில் சி.எம்.வி. ஐ.ஜி.ஜி. நேர்மறை என்று வந்திருக்கிறது. "வைரஸ் இருப்பது உறுதியாகிவிட்டது, மருந்தும் கடையில் கிடைக்கிறது, டாக்டர் ஏன் எழுதித்தர மறுக்கிறார்" என்று வீட்டில் பெரிய மனவருத்தம். நீங்கள் எழுதுவதில் பாதிதான் எனக்குப் புரிகிறது. இந்த 90 விழுக்காடு உண்மையா, பொய்யா என்று மட்டும் தெரிந்தால் போதும்.

நெறியாளர் எழுதியது:

பொருநை அவர்களுக்கு ஆறுதல் சொல்ல விரும்பும் நண்பர்கள் தனிமடலில் எழுதலாம். மருந்தின் அளவையோ, வாங்கும் வழியையோ எவரும் இங்கே பதிய வேண்டாம், பதிந்தால் நீக்கப்படும்.

நிகழ்தகவு எழுதியது:

பொருநை அவர்களே, அந்த எண் பொய் அன்று. அது அச்சான எண்தான். ஆனால் உங்கள் வீட்டில் அதற்குக் கொடுக்கப்படும் பொருள் அதற்கு இல்லை. மருத்துவச் சோதனைகளின் புள்ளிவிவரங்களோடு பழகியவன் என்ற முறையில், பொறுமையாக விளக்க முயல்கிறேன்.

கரோலின்ஸ்கா குழுவினர் முதலில் செய்தது முறையான சோதனை. 42 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, வழக்கமான சிகிச்சையோடு ஒரு பகுதியினருக்கு வால்கேன்சைக்ளோவிரும் மறு பகுதியினருக்கு மருந்தற்ற மாத்திரையும் ஆறு மாதம் கொடுத்தார்கள். யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. கட்டியின் பருமன் குறைகிறதா என்பதே அவர்கள் முன்கூட்டி எழுதிவைத்த கேள்வி. குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பது விடை. உயிர்வாழ்ந்த காலத்தின் இடைநிலை அளவு மருந்து பெற்றவர்களுக்கு 17.9 மாதம், மற்றவர்களுக்கு 17.4 மாதம்.

உங்கள் மதினி படித்த எண் இதிலிருந்து வந்தது அன்று. அதே குழு 2013-இல் புகழ்பெற்ற மருத்துவ இதழ் ஒன்றுக்கு எழுதிய கடிதத்திலிருந்து வந்தது. வால்கேன்சைக்ளோவிர் பெற்ற 50 பேரில் 62 விழுக்காட்டினர் இரண்டு ஆண்டுகளைக் கடந்தார்கள்; அதே காலத்தில் மருந்து பெறாத நோயாளிகளில் 18 விழுக்காட்டினரே கடந்தார்கள். முதல் ஆறு மாதத்துக்குப் பின்னும் இடைவிடாமல் மருந்தைத் தொடர்ந்த 25 பேரை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 90 விழுக்காடு ஆகிறது. இவர்கள் குலுக்கலில் பிரிக்கப்பட்டவர்கள் அல்லர். பலருக்கு மருந்து பரிவின் அடிப்படையில் தரப்பட்டது.

இங்கே ஒளிந்திருக்கும் பிழையை "இறவாக் காலப் பிழை" என்று சொல்லலாம். ஆறு மாதத்துக்கு மேல் மாத்திரையை விழுங்கியவர் என்ற பட்டியலில் ஒருவர் இடம்பெற வேண்டுமானால், அவர் முதலில் அந்த ஆறு மாதமும் உயிரோடு இருந்திருக்க வேண்டும். விழுங்கும் தெம்போடும், இரத்த அணுக்கள் மருந்தைத் தாங்கும் நிலையிலும் இருந்திருக்க வேண்டும். மூன்றாம் மாதத்தில் காலமானவர் அந்தப் பட்டியலில் இடம்பெறவே வழியில்லை. ஒப்பிடப்படும் மறு பட்டியலில் மட்டுமே அவருக்கு இடம் உண்டு. ஆக, மருந்து சர்க்கரை உருண்டையாகவே இருந்தாலும், நீண்ட நாள் மருந்து எடுத்தவர்களின் பட்டியல் நீண்ட நாள் வாழ்ந்தவர்களின் பட்டியலாகத்தான் அமையும். இளையவர், கட்டி பெருமளவு அகற்றப்பட்டவர், நடமாட முடிந்தவர் ஆகியோரே கூடுதல் சிகிச்சையைத் தேடிச் செல்வார்கள் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கடிதம் வந்தவுடனேயே இந்தக் குறையைச் சுட்டி விமரிசனங்கள் எழுந்தன. குறையைப் போக்கும் ஒரே வழி பெரிய குலுக்கல் சோதனை என்பதால், இருநூறுக்கும் மேற்பட்டோரைச் சேர்க்கும் திட்டத்துடன் சுவீடனில் இரண்டாம் சோதனை தொடங்கப்பட்டது. எனக்குத் தனிப்பட்ட முறையில் உள்ள வருத்தம் ஒன்றே: அந்தக் கடிதத்துக்குப் பதிலாக, முதல் நாளே அந்தச் சோதனை தொடங்கியிருந்தால், உங்கள் மதினி போன்றோர் இத்தனை ஆண்டுகள் ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு தவிக்க வேண்டியிருந்திருக்காது.

திசுக்கண்ணாடி எழுதியது:

பொருநை அம்மாவின் கேள்வியில் இன்னொரு பகுதி இருக்கிறது; ஐ.ஜி.ஜி. என்னும் எதிர்ப்புரதம் நேர்மறை என்பதன் பொருள் அது. உங்கள் அண்ணன் வாழ்வில் எப்போதோ ஒரு முறை, அநேகமாகக் குழந்தைப் பருவத்தில், அந்த வைரஸைச் சந்தித்திருக்கிறார் என்பதை மட்டுமே அது சொல்கிறது. இந்தியாவில் வயதுவந்தோரில் மிகப் பெரும்பாலோருக்கு இந்தச் சோதனை நேர்மறையாகவே வரும். எனக்கும், உங்களுக்கும், மாத்திரை எழுத மறுத்த மருத்துவருக்கும் பார்த்தாலும் அதே விடைதான் வரக்கூடும். கருவுற்ற பெண்களுக்கு எழுதித்தரும் டார்ச் பரிசோதனையில் இதே வரியைப் பார்த்து எத்தனையோ குடும்பங்கள் அஞ்சியிருக்கின்றன. வைரஸ் இப்போது விழித்துப் பெருகுகிறதா என்று அறிய வேண்டுமானால், இரத்தத்தில் அதன் டி.என்.ஏ. அளவைப் பார்க்கும் பி.சி.ஆர். என்ற தனிச் சோதனை வேண்டும்.

வால்கேன்சைக்ளோவிர் எளிய மாத்திரை அன்று. எலும்பு மஜ்ஜையை அது அடக்கும், வெள்ளணுக்கள் குறையும். டெமோசோலமைடும் அதையே செய்யும். இரண்டும் சேர்ந்தால், கட்டியைத் தாக்கும் மருந்தையே இடையில் நிறுத்த வேண்டிய நிலை வரலாம். கதிர்சிகிச்சையோடு டெமோசோலமைடைச் சேர்த்ததால் இடைநிலை வாழ்நாள் 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதமாகக் கூடியது என்று 2005-இல் பெரிய குலுக்கல் சோதனை காட்டியது. சிறிய ஆதாயம்தான், ஆனால் உறுதியான ஆதாயம். உறுதியில்லாத ஒன்றுக்காக அதை இழக்க உங்கள் மருத்துவர் தயங்குவதில் எனக்கு வியப்பில்லை.

பொருநை எழுதியது:

மிக்க நன்றி. இதை மதினிக்கு அப்படியே படித்துக் காட்டுகிறேன். ஒரே ஒரு ஐயம். வைரஸால் கட்டி வரவில்லை என்றே வைத்துக்கொள்வோம். இப்போது அண்ணனுக்கு எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும் நேரத்தில் உள்ளே தூங்கும் அந்த வைரஸ் விழித்துக்கொண்டு கேடு செய்யாதா?

வேர்க்கால் எழுதியது:

இந்த இழையில் இதுவரை கேட்கப்பட்ட கேள்விகளில் மிகச் சரியானது இதுதான் என்று நினைக்கிறேன். "கட்டியை உண்டாக்கியதா" என்பதும் "கட்டி வந்தபின் நோயாளியைக் கெடுக்கிறதா" என்பதும் வெவ்வேறு வினாக்கள். முதலாவதற்கு "இல்லை" என்று வந்தாலும் இரண்டாவதற்கு "ஆம்" என்று வரலாம். ஆய்வுலகமும் மெல்ல அந்தப் பக்கமே நகர்ந்திருக்கிறது.

இந்த வைரஸ் தூங்குமிடம் எலும்பு மஜ்ஜையில் உள்ள மூல உயிரணுக்களும், அவற்றிலிருந்து பிறக்கும் மோனோசைட்டு எனப்படும் வெள்ளணுக்களும். கிளையோபிளாஸ்டோமா இந்த மோனோசைட்டுகளைத் தன் பக்கம் பெருமளவில் இழுத்துக்கொள்கிறது. கட்டியின் உயிரணுக்களில் மூன்றில் ஒரு பங்கு வரை இவ்வகை விழுங்கணுக்களாக இருக்கக்கூடும். வைரஸைச் சுமக்கும் அணுக்கள் கட்டிக்குள் போய்க் குவியும்போது, அங்கே வைரஸின் தடயம் கிடைப்பதில் வியப்பில்லை. ஏர் ஓடும் வயலில் கொக்குகள் கூடுகின்றன என்பதற்காகக் கொக்குதான் வயலை உழுதது என்று எவரும் சொல்வதில்லை.

ஆனால் வந்து சேர்ந்த வைரஸ் சும்மா இருக்கும் என்றும் சொல்ல முடியாது. அது எதிர்ப்புச் சக்தியை அடக்கும் இன்டர்லூக்கின்-10 போன்ற ஒரு புரதத்தைத் தானே தயாரிக்கிறது. யு.எஸ்.28 என்ற அதன் புரதம் உயிரணுவின் மேற்பரப்பில் நின்று வளர்ச்சிக் குறிப்புகளை உள்ளே அனுப்புகிறது. பிறந்தவுடன் எலிகளின் சைட்டோமெகலோவைரஸ் செலுத்தப்பட்ட எலிகளில் பின்னர் கிளையோமா வளர்ந்தபோது, அவை மற்ற எலிகளைவிட விரைவாக இறந்தன. அந்தக் கட்டிகளில் புதிய இரத்தக் குழாய்கள் மிகுதியாக உருவானதை 2019-இல் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் விளக்கினார்கள். சிடோஃபோவிர் என்னும் வைரஸ் எதிர்ப்பு மருந்து கொடுத்தபோது அந்த எலிகள் கூடுதல் நாள் வாழ்ந்தன.

திசுக்கண்ணாடி எழுதியது:

எலிச் சோதனை நல்ல சோதனை. அதில் எனக்கு மறுப்பு இல்லை. சிடோஃபோவிரைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. அந்த மருந்து வைரஸே இல்லாத கிளையோமா உயிரணுக்களின் டி.என்.ஏ.விலும் புகுந்து அவற்றைக் கொல்லும் என்று 2013-இல் வேறொரு குழு காட்டியிருக்கிறது. எனவே வைரஸ் எதிர்ப்பு மருந்தால் கட்டி சுருங்கியது என்பதை மட்டும் வைத்து வைரஸே குற்றவாளி என்று தீர்ப்பு எழுத முடியாது.

வால்கேன்சைக்ளோவிரில் சிக்கல் வேறு வகையானது. அது வைரஸின் டி.என்.ஏ. நகலெடுப்பைத் தடுக்கும். கட்டியில் காணப்படுவதாகச் சொல்லப்படும் முதல் கட்டப் புரதங்களோ நகலெடுப்புக்கு முன்பே உருவாகிவிடுபவை. வைரஸ் அங்கே முழுமையாகப் பெருகாமல் அந்தப் புரதங்களை மட்டும் வெளியிட்டுக்கொண்டிருந்தால், இந்த மருந்து அவற்றை எப்படி நிறுத்தும்? இந்தக் கேள்விக்கு நிறைவான விடையை நான் இன்னும் படிக்கவில்லை.

பொருநை அம்மாவின் அச்சம் நியாயமானது. மூளைக்குக் கதிர்சிகிச்சை பெறும்போது நிணவணுக்கள் குறைவதாலும், வீக்கத்துக்காகக் கொடுக்கப்படும் டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்தாலும் சிலருக்கு சி.எம்.வி. விழித்தெழுந்து, குழப்பமும் தளர்ச்சியும் ஏற்படுவதை ஜெர்மானிய மருத்துவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். கட்டி வளர்ந்துவிட்டது என்றே அதைத் தவறாக எண்ணவும் இடமுண்டு. எனவே சிகிச்சையின் நடுவில் அண்ணன் திடீரெனத் தளர்ந்தாலோ, நினைவு தடுமாறினாலோ, காய்ச்சல் வந்தாலோ மறுநாளுக்குத் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இரத்தத்தில் சி.எம்.வி. டி.என்.ஏ. பார்க்க வேண்டுமா என்று அப்போது கேளுங்கள். அளவு உயர்ந்திருந்தால் அதே வால்கேன்சைக்ளோவிர் தேவைப்படலாம். அது தொற்றுக்கான சிகிச்சையாக இருக்கும்.

கடலோடி எழுதியது:

அப்படியானால் மூளைக்கும் வைரஸுக்கும் தொடர்பே இல்லை என்று இழையை முடித்துவிடப் போகிறீர்களா? போலியோ தடுப்பூசியில் குரங்கின் எஸ்.வி.40 வைரஸ் கலந்திருந்ததும், அது மூளைக்கட்டிகளில் கிடைத்ததும் உண்மைதானே?

திசுக்கண்ணாடி எழுதியது:

கலந்திருந்தது உண்மை. 1955 முதல் 1963 வரை அமெரிக்காவில் போடப்பட்ட போலியோ தடுப்பூசிகளில் ஒரு பகுதி, ரீசஸ் குரங்கின் சிறுநீரக உயிரணுக்களில் வளர்க்கப்பட்டதால் எஸ்.வி.40 கலந்ததாக இருந்தது. பிறந்த வெள்ளெலிக் குட்டிகளின் மூளையில் அந்த வைரஸைச் செலுத்தினால் எபென்டைமோமா என்னும் கட்டி வரும் என்பது 1962-லேயே தெரியும். 1992-இல் குழந்தைகளின் எபென்டைமோமாக்களில் அதை ஒத்த டி.என்.ஏ. கிடைத்ததாகச் செய்தி வந்தபோது எழுந்த கலக்கம் சிறிதன்று. ஆனால் கலப்படத் தடுப்பூசி பெற்ற தலைமுறையினரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது, பெறாதவர்களைவிட அவர்களுக்கு மூளைக்கட்டி மிகுதியாக வரவில்லை. எஸ்.வி.40-இன் துண்டுகளும் ஆய்வகப் பிளாஸ்மிடுகளில் பரவலாக இருப்பவை. வேறு சில புற்றுகளில் கிடைத்த நேர்மறை முடிவுகள் அந்தக் கலப்பால் வந்தவை என்பது பின்னர் தெரிந்தது. நான் முன்பு எழுதிய பொறி கற்பனை அன்று என்பதற்கு இதுவே சான்று.

தொடர்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. எய்ட்ஸ் முற்றியவர்களின் மூளையில் தோன்றும் நிணநீர்ப் புற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ அத்தனை கட்டிகளிலும் எப்ஸ்டீன்-பார் வைரஸ் இருக்கிறது. அதுவும் ஆயுள் முழுதும் உடலில் தங்கும் ஹெர்பிஸ் குடும்ப வைரஸே. எந்த ஆய்வகம் தேடினாலும் கிடைக்கிறது. கட்டியின் உயிரணுவுக்குள்ளேயே கிடைக்கிறது. வழக்கமான சாயமுறையே போதும். எதிர்ப்புச் சக்தியை மீட்கும் எச்.ஐ.வி. மருந்துகள் பரவலான பின் அந்தப் புற்றே அரிதாகிவிட்டது. மூளையில் ஒரு வைரஸ் புற்றை உண்டாக்கினால் சான்று இப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆகையால்தான் சி.எம்.வி.யின் சான்று என்னை நிறைவு செய்யவில்லை.

நிகழ்தகவு எழுதியது:

மக்கள்தொகைக் கணக்கைப் பற்றியும் சில வரிகள். சி.எம்.வி. தொற்று மிகுந்த இந்தியா போன்ற நாடுகளில் கிளையோபிளாஸ்டோமா குறைவாகவும், தொற்று குறைந்த மேலைநாட்டு வெள்ளையரிடையே மிகுதியாகவும் பதிவாகிறது என்பதைச் சிலர் மறுப்பாகக் காட்டுவார்கள். அந்த வாதம் எனக்கு உடன்பாடன்று. எப்ஸ்டீன்-பார் வைரஸ் உலகெங்கும் இருந்தும், மூக்குத்தொண்டைப் புற்று தென்சீனத்திலும் பர்கிட் நிணநீர்ப் புற்று ஆப்பிரிக்காவின் மலேரியா மண்டலத்திலும் குவிகின்றன. வைரஸ் எங்கும் இருக்க, துணைக்காரணி ஓரிடத்தில் மட்டும் இருக்கலாம். மேலும் ஸ்கேன் வசதியில்லாத ஊரில் மூளைக்கட்டி கணக்கில் சேராமலே போய்விடும்.

எனக்கு வலுவாகத் தோன்றுவது வேறு. மேலைநாடுகளில் வயதுவந்தோரில் கணிசமான பகுதியினர் இந்த வைரஸைச் சந்தித்ததே இல்லை. அவர்களுடைய இரத்தத்தில் எதிர்ப்புரதம் இல்லை. அவர்களுக்கும் இதே கட்டி வருகிறது. இந்தத் தொற்று இருப்பவருக்குக் கிளையோமா வரும் வாய்ப்பு கூடுதல் என்று எதிர்ப்புரத ஆய்வுகளும் நிலையாகக் காட்டவில்லை. விந்தையாக, சின்னம்மை வந்து போனவர்களுக்குக் கிளையோமா சற்றுக் குறைவு என்று பல நாட்டுத் தரவுகளைத் திரட்டிய 2016-ஆம் ஆண்டு ஆய்வு சொல்கிறது. குறைவு ஏறத்தாழ 21 விழுக்காடு. அதற்கும் வைரஸ்தான் காரணமா, விழிப்பான எதிர்ப்புச் சக்தி காரணமா என்பது தனி இழைக்குரியது.

வேர்க்கால் எழுதியது:

கடலோடி அவர்கள் சோர்ந்துவிட வேண்டாம். காரணியா இல்லையா என்ற வழக்கு முடியும் வரை காத்திராமல் நடக்கும் ஒரு முயற்சியும் உண்டு. கட்டியில் பிபி65 சிறிதளவு இருந்தாலும், இயல்பான மூளையில் அது இல்லாவிட்டால், நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களான நம் டி-அணுக்களுக்கு அதை அடையாளமாகக் காட்டித் தாக்கச் சொல்லலாம் என்பது எண்ணம். நோயாளியின் உடலில் ஏற்கெனவே இந்த வைரஸுக்கான டி-அணுக்கள் ஏராளமாக இருப்பது இதற்கு வசதி. மிட்செல் குழுவினர் 2015-இல் 12 நோயாளிகளிடம், பிபி65 ஏற்றிய, டி-அணுக்களுக்கு இலக்கைக் காட்டும் டென்ட்ரிட்டிக் அணுக்களைச் செலுத்துவதற்கு முன்பு அந்த இடத்தில் சாதாரண டெட்டனஸ் தடுப்பூசி போட்டால், அணுக்கள் நிணநீர்க் கணுக்களுக்கு மேலும் நன்றாகச் சென்றடைகின்றன என்று காட்டினார்கள். பிரிஸ்பேனில் ராஜீவ் கன்னா குழுவினர் நோயாளிகளின் சொந்த டி-அணுக்களை வெளியே பெருக்கித் திருப்பிச் செலுத்தினார்கள். இரண்டுமே மிகச் சிறிய எண்ணிக்கையில் செய்யப்பட்டவை என்பதால், நிகழ்தகவு அவர்கள் எழுதிய எச்சரிக்கை முழுவதும் இவற்றுக்கும் பொருந்தும். பிபி65 உண்மையிலேயே கட்டியில் இல்லாவிட்டால் இந்த டி-அணுக்கள் எதைத் தாக்குகின்றன என்ற கேள்வியும் திசுக்கண்ணாடி ஐயாவிடமிருந்து வரும் என்று எதிர்பார்க்கிறேன்.

திசுக்கண்ணாடி எழுதியது:

வரத்தான் செய்கிறது. அதற்கு விடை காண, சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த ஒரே நோயாளியின் திசுவை, யாருடையது என்று தெரியாமல், இரு தரப்பு ஆய்வகங்களுக்கும் ஒரே நேரத்தில் அனுப்ப வேண்டும். அதோடு வைரஸ் இருக்கும் திசு சிலவும் இல்லாத திசு சிலவும் கலந்து அனுப்பி, அவற்றைச் சரியாகச் சொல்கிறவர்களின் முடிவை மட்டும் எண்ண வேண்டும்.